அத்தாவின் வலது கால் பெருவிரல்

என் அத்தாவின் உடம்பில் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் அவருடைய வலது கால் பெருவிரல்தான். அவர் மவுத்தாகிப் பதினோரு மாதம் ஆகிறது. முகத்தை நினைத்தால் கலங்கலாக வருகிறது. மூக்குத் தெரிந்தால் கண் தெரிவதில்லை. விரல் மட்டும் அப்படியே வருகிறது. நகத்து ஓரத்தில் ஊசி ஏறிய வடு, அடிக்கணுவில் புடைத்த எலும்பு, வீங்கின நாளில் கத்திரிக்காய்த் தோல் மாதிரி மினுங்கும் நிறம். பெற்ற தகப்பனை முகத்தை விட்டுவிட்டு விரலால் ஞாபகம் வைத்திருக்கிற மகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடைசிப் பெருநாளன்று அவர் என்னிடம் ஒரு துண்டு ஈரல் கேட்டார். நான் கொடுக்கவில்லை. அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அத்தா தையல்காரர். கோயிலுக்குக் கிழக்கே புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே வரிசையாக மெஷின் போட்டிருப்பார்களே, அந்த வரிசையில் அவருடையதும் ஒன்று. கல்யாண மாப்பிள்ளைக்குக் கோட்டு, பெண்ணுக்கு ரவிக்கை, சாமி வாகனத்துக்குத் தொங்கல், எல்லாம் தைப்பார். எங்கள் வீடு காஜிமார் தெருவை ஒட்டிய சந்தில். நான் நாலாங்கிளாஸ் படிக்கும்போது அம்மா போய்விட்டார். அன்றைக்கு வைத்த சிலேட்டை நான் அப்புறம் எடுக்கவில்லை. அடுப்படி என் கைக்கு வந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் வீட்டில் அத்தா சாப்பிட்டது எல்லாம், நல்லதோ கெட்டதோ, நான் ஆக்கிப் போட்டதுதான்.

முதல் தடவை நோவு வந்தது ஒரு விடியலில், பள்ளிவாசலில் பாங்கு முடிந்த நேரத்தில்.

"தேளு கடிச்சிருச்சுடி!" என்று கத்தினார்.

நான் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு பாயை உதறினேன், தலகாணியை உதறினேன், பானைக்குப் பின்னால் தேடினேன். தேளும் இல்லை, பூரானும் இல்லை. கண்ணுக்கு முன்னாலேயே விரல் பழுத்துக்கொண்டு வந்தது. வேட்டி முனை பட்டாலே பல்லைக் கடித்தார். ஓர் ஈ வந்து அந்த விரலில் உட்கார்ந்ததற்கு ஒரு பெரிய மனுஷன் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எதிர்வீட்டு மாமி வந்து எட்டிப் பார்த்தார். மாமி எங்களுக்கு ரத்த சொந்தம் இல்லை. ஆனால் சொந்தக்காரர்களுக்கு இல்லாத உரிமை எல்லாம் அவருக்கு உண்டு.

"ஏண்டி, இப்பிடி முழிச்சுக்கிட்டு நிண்டா நோவு போயிருமா? காலு நோவுக்குக் காலுதேன் மருந்து. ஆட்டுக்கால வாங்கி, மொளகு தட்டிப் போட்டு, எலும்பு கரையுற மட்டும் கொதிக்க வச்சுக் குடு. எங்கத்தா எம்பது வயசுல சந்தனக்கூடு பாக்க நடந்தே போனாக, தெரியும்ல?"

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கண்ணுக்குக் கண், மூளைக்கு மூளை, காலுக்குக் கால் என்றுதான் எங்கள் தெருவே சாப்பிட்டது. மாமி ஆட்டுக்காலை வாட்டிச் சுரண்டித் தருவார். நான் கொதிக்க வைப்பேன். நோவு இருபது நாள் நின்றது. இருபது நாளும் சூப்பு நிற்கவில்லை. சூப்பு குடித்ததால்தான் இருபது நாளில் விட்டது, இல்லையென்றால் நாற்பது நாள் ஆட்டியிருக்கும் என்று நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

மாமி சுடச்சுட எண்ணெய் போட்டு உருவிவிட வந்தபோது மட்டும் அத்தா விடவில்லை. "தொட்டீகன்னா எந்திரிச்சு ஓடிருவேன்" என்றார். "எந்திரிச்சு ஓடுனா நல்லதுதானே, வைத்தியம் பலிச்சிருச்சுன்னு அர்த்தம்" என்றார் மாமி.

நான் செய்த ஒரே நல்ல காரியம் ஈரத்துணி. அதற்கும் யாரும் பாடம் சொல்லித் தரவில்லை. அடுப்பில் கை சுட்டால் பானைத் தண்ணீரில் விடுகிற புத்திதான். தலகாணியைச் சுருட்டிக் காலை அதன்மேல் தூக்கி வைத்து, அத்தா அந்தந்தச் சமயம் வெட்டித் தைத்து மிஞ்சின துண்டுத் துணியைப் பானைத் தண்ணீரில் நனைத்து, விரலில் பட்டும் படாமல் போர்த்துவேன். சூடு ஏறியதும் மாற்றுவேன். நோவு போனதும் அந்தத் துண்டுகளை அலசி அடுப்படிக் கொடியில் போடுவேன். அடுத்த தடவைக்கு ஆகும் என்று எடுக்காமல் விட்டுவிடுவேன்.

அடுத்த தடவை வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. மூன்றாவது தடவை அத்தாவை ஜட்காவில் ஏற்றி ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனோம். டாக்டர் விரலைப் பார்த்ததுமே சிரித்தார்.

"என்ன வேலை பாக்குறீரு?"

"தையலுங்க."

"இது ஜமீன்தாருங்களுக்கு வர்ற நோவாச்சே. குடிக்கிறீரா?"

"அல்லாவே! நான் முசல்மானுங்க."

"கறி?"

அத்தா என்னைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை மட்டும்" என்றார். அது பொய் இல்லை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும்தான். மற்ற நாளில் ஊரார் வீட்டில்.

ரத்தத்தில் ஓர் உப்பு சேருகிறது, அது சிறுநீரில் போகாமல் விரல் கணுவில் போய்ப் படிகிறது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ஈரல், மூளை, குண்டிக்காய் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். கொடுத்த மருந்து வயிற்றைக் கலக்கியது. புது மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு வயிற்றைக் கலக்கினால் எங்கே போவது? அத்தா இரண்டு நாளில் மருந்தை நிறுத்தினார், சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், அதோடு சரி.

பக்கத்து மெஷின்காரர் சோழவந்தானிலிருந்து தினம் ரயிலில் வருகிறவர். அவரும் அத்தாவும் ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். டாக்டர் சொன்னது காதில் விழுந்த நாளிலிருந்து அவர், "ஜமீன்தார் வாராருடோய், வழி விடுங்கடா!" என்று மண்டபமே கேட்கக் கூவுவார். அத்தா நொண்டிக்கொண்டே ராஜா மாதிரிக் கையை ஆட்டிவிட்டு உட்காருவார். உட்கார்ந்த பிறகுதான் கஷ்டம். மெஷின் பலகையை மிதிப்பது முன்பாதம்தானே. பாதி நாள் இடது காலை மட்டும் வைத்து மிதித்திருக்கிறார். தையல் அலைந்து போகும். பிரித்துத் திரும்பத் தைப்பார்.

ஆனால் அத்தாவுக்கு மெஷினைவிட வேறொன்றுதான் பெரிய துயரமாக இருந்தது. தொழுகையில் ஓர் இருப்பு உண்டு. இடது காலை மடித்து அதன்மேல் உட்கார்ந்து, வலது பாதத்தை நட்டுவைத்து, அதன் விரல்களைத் தரையில் மடக்கி வைக்க வேண்டும். பெருவிரல்தான் அதில் முழுக்க மடங்கும். நோவு வந்தவர் கட்டிலில் உட்கார்ந்தே தொழலாம், அதற்கு அனுமதி உண்டு. வீட்டில் அவர் அப்படித்தான் தொழுதார். அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளும் நோவில் வந்து விழுந்தது. தெருவில் பாதிப் பேர் அவர் தைத்த புதுச் சட்டை போட்டுக்கொண்டு அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்லியபடி ஈத்கா தொழுகைத் திடலுக்குப் போனார்கள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"நான் தச்ச சட்டையெல்லாம் போகுது பாரு. நான் மட்டும் போகல" என்றார். கம்பியை விடாமலே, "அடுத்த வருசப் பெருநாளைக்காச்சும் வரிசையில நிண்டு தொழுகணும்டி. வெரல மடக்கி ஒக்காந்து எந்திரிக்கணும். அது போதும்" என்றார்.

எனக்கு அதிலிருந்து வேறு யோசனை இல்லை. அடுத்த வருஷப் பெருநாளுக்குள் அந்த விரலை மடங்க வைக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு மத்தியானம் மாமியின் வீட்டுக்காரர் மாமு அறுத்துக் கொடுத்த குர்பானி ஆட்டிலிருந்து ஈரல் வந்தபோது, சீட்டோடு டாக்டர் சொன்னதும் மறந்துபோய், நோவாளிக்குத் தெம்பு வேண்டுமே என்று தட்டு நிறைய வறுத்து நானே அவருக்கு ஊட்டிவிட்டேன். அந்த நோவு ஒரு மாதம் இருந்தது.

அது போய் இரண்டு மாதத்தில் மாமி, மகள் பிரசவத்துக்காக மேலூர் போனார். அவர் ஊரில் இல்லாத சமயம் பார்த்து அத்தாவுக்குத் திரும்ப நோவு வந்தது. ஆட்டுக்கால் சுரண்டுவது எனக்குக் குமட்டும். மாமிதான் இல்லையே என்று சூப்பு வைக்கவில்லை. கஞ்சியும் மோரும் கொடுத்தேன். ஆறாம் நாள் அத்தா செருப்பு மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். நான் வாசலில் நின்று அவர் நடப்பதையே பார்த்தேன். என் சோம்பேறித்தனம் வைத்தியம் ஆகிவிட்டதா என்று எனக்கு விளங்கவில்லை.

அன்றைக்குத் துண்டுத் துணிகளை அலசிக் கொடியில் போட்டேன். பழைய துண்டுகளும் அதில் வரிசையாகத் தொங்கின. வெயில் அடுப்படிக்குள் விழுந்தது. ஒரே மினுமினுப்பு. சாட்டின், வெல்வெட், சரிகை, சிவப்புப் பட்டு. அம்புட்டும் கல்யாணத் துணி. சண்டைக்காலம் அது, அத்தா மூன்று மாதம் பட்டாளத்துக்குக் காக்கித் துணியாகவே தைத்திருந்தார். கொடியில் ஒரு காக்கித் துண்டுகூட இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தைத்த வெள்ளைத் துணி இல்லை. கல்யாணத் துணி தைத்தபோது மட்டுமே நோவு வந்திருக்கிறது.

எனக்குத் தோன்றிய முதல் எண்ணம் கண்ணேறு. பளபளப்பான துணி, நாலு பேர் கண் படுகிற துணி, அந்தக் கண் அத்தாவின் காலில் இறங்குகிறது. மூன்று மிளகாயும் உப்பும் எடுத்து அத்தாவையும் சுற்றி, மடித்து வைத்திருந்த மாப்பிள்ளைக் கோட்டையும் சுற்றி அடுப்பில் போட்டேன். வீடு முழுக்க நெடி. அந்த நேரம் பார்த்துச் சோழவந்தான்காரர் தைக்கிற துணியைக் கொடுக்க வந்தார். இருமி இருமிக் கண் கலங்கி நின்றார். நான் கொடியைக் காட்டி என் கண்டுபிடிப்பைச் சொன்னேன்.

"துணிய ஒங்கத்தா தைக்கத்தானே செய்யிறாரு பாப்பா, திங்கலயே" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னார். நான் திரும்பக் கொடியைப் பார்த்தேன். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளைக் கோட்டுத் தைத்தவரை முதல் பந்தியில் உட்கார வைத்து, பெண்ணைப் பெற்றவரே நல்லி எலும்பை எடுத்து அவர் தட்டில் வைப்பார். கோட்டுக்கு ஒரு விருந்து. ரவிக்கைக்கு ஒரு விருந்து. மறுவீட்டுக்கு ஒரு விருந்து. துணி வீட்டுக்கு வந்த பத்துப் பதினைந்து நாளில் பிரியாணி வந்தது, பிரியாணிக்குப் பின்னால் நோவு வந்தது, நோவுக்குப் பின்னால் என் ஆட்டுக்கால் சூப்பு வந்தது. அத்தாவின் பழைய சட்டைப் பையில் டாக்டர் சீட்டைத் தேடி எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. எத்தனை கரண்டி, எத்தனை நாள், என் கையால்.

அதன் பிறகு நான் அளவு தெரியாமல் போனேன். கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, பருப்புக்கூட இல்லை. கஞ்சி, சுரைக்காய், கஞ்சி. பத்தாம் நாள் அத்தா தட்டைத் தள்ளினார்.

"என்னைய நோன்பு புடிக்கச் சொல்லு, புடிக்கிறேன். ஆனா சாயங்காலம் தெறக்கவாச்சும் விடுடி."

"அத்தா, வெரலு மடங்கணும்னு நீங்கதானே சொன்னீக."

"வெரலு மடங்கும். நான் நிமிரணும்ல?"

அவர் சொன்னது சரி. வயிறு காய்ந்த மனுஷன் மெஷின் மிதிக்க முடியாது. மெல்ல மெல்ல ஒரு வழிக்கு வந்தேன். காலையில் கேப்பைக்கூழும் மோரும். மத்தியானம் சோறு, ஒரு காய், ஒரு கீரை. பருப்பு கொஞ்சம், அது அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் சதைக்கறி நாலு துண்டு. ஈரலும் காலும் மூளையும் வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது. ஒரு தடவை நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். கறி இல்லையே, கருவாடுதானே என்று நினைத்தேன். மறுநாள் விரல் சிவந்தது. அது என் தப்பு. மேலூரிலிருந்து திரும்பியிருந்த மாமி சூப்புப் பாத்திரத்தோடு வந்தபோது வாசலிலேயே மறித்தேன்.

"ஆட்டுக்கால வேணாங்குற மொத முசல்மான் பொண்ணு நீதேன்டி."

"காலு நோவுக்குக் காலுன்னா, வாய் நோவுக்கு வாயா மாமி?"

மாமி என்னை முறைத்தார். "ஒனக்கு வாயி கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டு அந்தச் சூப்பை அங்கேயே நின்று தானே குடித்துவிட்டுப் போனார்.

தண்ணீர்தான் பெரிய சண்டை. அத்தா பகல் முழுக்க ஒரு செம்புத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும். மண்டபத்துக்கு எதிரே கோபுரம், சுற்றிலும் கடை, பொம்பளைக் கூட்டம். இருபது வருஷமாக அவர் தாகத்தை அடக்கியே பழகியிருந்தார். அந்த உப்பு வெளியே போக வழி எங்கே இருந்தது? இதை ஒரு மகள் எப்படிப் பேசுவது? சோழவந்தான்காரரிடம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாளே பூக்கடைக்காரர் ஒருவரின் கொல்லைப்புறத்துக்குப் போய்வர இடம் கேட்டு வாங்கினார். நான் ஒரு கூஜா நிறையத் தண்ணீர் கொடுத்தனுப்புவேன். சாயங்காலம் காலியாகத் திரும்ப வேண்டும். அத்தா மெஷினை விட்டு எழுந்தால் போதும், சோழவந்தான்காரர் கத்துவாராம்: "பேரணையத் தெறந்தாச்சுடோய்! வயக்காட்டுக்காரனெல்லாம் தயாரா இருங்க!" அத்தா இதை வீட்டில் வந்து சொல்லிவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டே சிரிப்பார்.

நோன்பு மாதம் வந்தபோது பயந்தேன். பகலில் தண்ணீர் கிடையாது. சூரியன் சாய்ந்ததிலிருந்து விடியலுக்கு முந்தின சஹர் சாப்பாடு வரைக்கும் செம்பு செம்பாக ஊற்றினேன். நோன்புக் கஞ்சியில் கறி போடவில்லை. முப்பது நாளும் விரல் அமைதியாக இருந்தது. ஆனாலும் நோன்புப் பெருநாளன்று அத்தா விரலை மடக்கத் துணியாமல் ஓரமாக உட்கார்ந்தே தொழுதார்.

கல்யாண விருந்துக்குப் போகாமல் இருக்க முடியாது. போனால் அந்த நல்லி எலும்பைத் தொடாமல் இருக்க முடியாது, அவர்களுக்கு மனசு கஷ்டப்படும். அதற்கும் சோழவந்தான்காரர்தான் உதவினார். அத்தாவோடு கூடவே போய்ப் பக்கத்தில் உட்காருவார். பெண்ணைப் பெற்றவர் எலும்பை வைத்துவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்ததும் அது இவர் தட்டுக்கு மாறும். "ஒன் கால் நோவுக்காக நான் என்னவெல்லாம் தியாகம் பண்றேன் பாத்தியா மாப்ள" என்று சொல்லிக்கொண்டே எலும்பைத் தட்டி உறிஞ்சுவாராம்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. அத்தா தனக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டார். அவர் தனக்கென்று தைத்து ஐந்தாறு வருஷம் இருக்கும். மாமுவோடு தெருவில் இறங்கி நடந்தார். நொண்டவில்லை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், போன வருஷம் அவர் நின்ற இடத்தில்.

திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மடங்குச்சுடி!" என்றார். அங்கேயே நடுவீட்டில் உட்கார்ந்து, வலது பாதத்தை நட்டு, விரலை மடக்கிக் காட்டினார். "ரெண்டு ரக்காத்துத் தொழுகையிலயும். வலியே இல்ல." நான் அவர் காலடியில் உட்கார்ந்து அந்த விரலைத் தொட்டுப் பார்த்தேன். சட்டைக் கை நுனியில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. "என்னத்தா இது, புதுச் சட்டையில?" என்றேன். "அத்தரு பட்டுருச்சு" என்றார்.

அப்புறம்தான் மாமி வீட்டிலிருந்து மூடி போட்ட தட்டு வந்தது. அன்றைக்குத் தொழுகை முடிகிற வரை ஒன்றும் தின்னாமல் இருந்து, குர்பானி கொடுத்த பிறகு அதன் ஈரலை முதல் வாயாகத் தின்பது எங்கள் வழக்கம். மூடியைத் திறந்ததும் மிளகு வாசனை வீட்டை நிறைத்தது. அத்தா குழந்தை மாதிரிப் பார்த்தார்.

"ஒரே ஒரு துண்டுடி."

"வேணாம்த்தா."

"பெருநாளு. ஒரு துண்டுல என்ன ஆகும்?"

"போன வருசப் பெருநாளைக்கு என்ன ஆச்சு?"

"ஒங்கம்மா இருந்தா குடுத்திருப்பா."

"குடுத்திருப்பாக. ராப்பகலா ஈரத்துணி மாத்துனது நான்."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். தட்டை எடுத்து உள்ளே கொண்டுபோய்விட்டேன். வந்து பார்த்தபோது அவர் மோர்ச்சோற்றைப் பிசைந்து தின்றுகொண்டிருந்தார். கோபமாக இல்லை. "நல்லாத்தேன் இருக்கு" என்றார்.

மூன்று வாரத்தில் குடல் காய்ச்சல் வந்தது. அதற்கும் காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அதே டாக்டர் சொன்னார். பதினாலாம் நாள் முற்பகலில் அத்தா போய்விட்டார்.

மாமு வந்து கண்ணை மூடிவிட்டார், தாடையைக் கட்டினார். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதற்கு, "ஒரு துண்டுத் துணி கொண்டா தாயி" என்றார். நான் அடுப்படிக்குப் போனேன். கொடியில் கைக்கு எட்டினது சிவப்புப் பட்டு. கொண்டுவந்து கொடுத்தேன். அவர் சுற்றி இழுக்கும்போது என் வாய் தானாகச் சொன்னது:

"மெதுவா மாமு. அதுதேன் நோவுற வெரலு."

வீட்டில் அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். மாமு முடிச்சை அவிழ்த்தார். திரும்ப, நூல் கோர்ப்பது மாதிரி லேசாகக் கட்டினார். "வீக்கமே இல்ல தாயி. நீயே பாரு" என்றார். பார்த்தேன். இரண்டு விரலும் ஒரே அளவாக இருந்தன.

எனக்கு அதில் ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விரலைக் குணமாக்கி என்ன, ஐந்து வாரத்தில் போகிறவருக்கு ஒரு துண்டு ஈரலை மறுத்தவள் நான் என்றுதான் இத்தனை மாதமும் மனசு அரித்தது. மோர்ச்சோற்றை நன்றாக இருக்கிறது என்று சொன்னாரே, அது எனக்காகச் சொன்னது. கறிக்கடையைத் தாண்டினால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

போன வாரம் ஹஜ்ஜுப் பெருநாள் வந்து போனது. மாமி மூடி போட்ட தட்டை அவரே கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் தொடவில்லை. ஏன் என்று கேட்டார். யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அத்தா ஒரு துண்டு கேட்டதை, நான் தட்டை எடுத்துப் போனதை, அம்மாவைப் பற்றி அவர் சொன்னதை, நான் பதிலுக்குச் சொன்னதை.

மாமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"அடிப்பாவி. இதுக்காடி ஒரு வருசமா முள்ள முழுங்குனவ மாதிரித் திரியிற? ஒங்கத்தா தொழுகை முடிஞ்சதும் மொதல்ல எங்க வீட்டுக்குத்தேன் வந்தாக. மாமு ஆட்ட அறுத்து, ஈரலு சட்டிக்கு வர்ற மட்டும் நகரல. 'மாமி, சூடா இருக்கா'ன்னாக. நிண்டுக்கிட்டே மூணு துண்டு. 'எம்மக கேட்டா சொல்லிராதீக'ன்னு வாயத் தொடச்சாக. தொடைக்கத் துணி இல்லாம சட்டைக் கையிலயே தொடச்சாக. புதுச் சட்டை!"

அத்தர். மஞ்சள் நிறத்தில் அத்தர்.

எனக்குக் கோபம் வந்தது. மூன்று துண்டைத் தின்றுவிட்டு வந்து நாலாவதுக்கு என்னிடம் அம்மாவைச் சொல்லி அழ வைக்கப் பார்த்தாரே, அந்தக் கோபம். அவர் போன பிறகு அவர்மேல் எனக்கு வந்த முதல் கோபம். தைக்கத் தெரிந்த மனுஷனுக்குக் கறையை மறைக்கத் தெரியவில்லையே என்று வாய்விட்டுச் சொன்னேன். மாமி சிரித்தார். நான் திட்டிக்கொண்டே இருந்தேன். விரலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நான் காலடியில் உட்கார்ந்திருந்தேனே, அப்போது நிமிர்ந்து அவரைப் பார்த்தேன் அல்லவா? உதட்டை இறுக்கி மூடி, சிரிப்பு கன்னத்தில் முட்டிக்கொண்டு, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்கும் தெரிந்தது, கண்ணும் தெரிந்தது. முகம் முழுசாக வந்தது.

தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். ஆறிப்போயிருந்தது. மிளகு மட்டும் காரமாக இருந்தது.